கிழங்கின் கதையும் காணி உறுதியும்

2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இலண்டன் மாநகரிலுள்ள ரேற் மொடேண் கலைக்கூடத்தில் ஓர் ஓவியக் காட்சி ஆரம்பமாயிற்று. அதற்குரியவர் எமிலி காமெ உங்வரெ என்னும் அவுஸ்திரேலிய ஆதிக்குடிப் பெண்மணி. 1910ஆம் ஆண்டளவில் மத்திய அவுஸ்திரேலியாவின் வரண்ட நிலத்திற் பிறந்து 1996ஆம் ஆண்டில் மறைந்தவர். எண்பது வயதை அண்மிய பின்னரே கன்வசில் வரையத் தொடங்கி, எஞ்சிய எட்டாண்டு காலத்துள் ஏறத்தாழ 3,000 ஓவியங்களை வரைந்தவர். ஓவியக் கல்லூரி எதனுள்ளும் மாணவியாகக் கால் வைக்காதவர். இத்தகைய ஒருவரின் படைப்புக்களைக் கண்ட மேலைத்தேய விமர்சகர் பலர் வியந்தனர். மொனேயையும் ஜக்சன் பொலொக்கையும் நினைவுகூர்ந்தனர். அருவ ஓவியத்தின் உச்சங்களுள் இவையும் சேரும் என்றனர். அவர் வாழ்ந்த காலத்திலேயே தொடங்கிய புகழுரை இது.

இப்புகழுரையை நாம் ஐயத்துடனேயே நோக்குகின்றோம். எமிலியின் ஆற்றலில் நமக்கு ஐயம் சிறிதும் இல்லை. ஐயமெல்லாம் 'அருவம்' என்ற அந்தச் சொல்லின் மீதே. ஓவியத்தில் பொருள் எதுவும் இல்லை, நிறமும் கோடும் மாத்திரமே உள்ளன என்று கூறிவிட்டால், அந்தப் பொருள் யாருக்கு உரியது என்ற வினாவும் எழாது போய்விடும். சுவரில் தொங்கவிடுவோருக்கு இஃது எத்துணை வசதியான கொள்கை!

மறுபுறத்தில், நமது அணியினரிடையே நிலவும் ஓர் எண்ணத்தையும் மறைக்காது கூறுதல் வேண்டும். மூதாதையர் கதைகள் என்றதும் நம்மிற் பலர் முகம் சுளிப்பர். ஈமுப் பறவை பெண்ணாக நடந்ததும், பல்லி மலையைப் படைத்ததும், ஏழு சகோதரிகள் வானேறி விண்மீன்களானதும் பழங்குடிச் சமுதாயத்தின் மாயக் கற்பனைகள் தாமே. இன்றைய ஆதிக்குடி மக்களின் வறுமையையும் சிறைவாசத்தையும் அல்லவா அவர்களது கலை காட்டவேண்டும். புராணத்தைத் திரும்பத் திரும்ப வரைவதில் முற்போக்கு எங்கே உளது? இவ்வாறு கேட்போருமுளர். நாமும் ஒரு காலத்தில் இவ்வாறே கேட்டோம். இக்கேள்வி நேர்மையானது, எனினும் தவறான இடத்திற் கேட்கப்பட்டது என்பதே இன்று நமது கருத்து. அருவவாதிகள் கதையை மறந்தனர். நாமோ கதையைக் கண்டதும் காணியை மறந்தோம்.

எதை வரைகின்றீர் என எமிலியிடம் ஒருமுறை வினவப்பட்டது. 'எல்லாவற்றையும்' என்பதே அவர் விடையின் சாரம். பின்னர் அந்த 'எல்லாம்' எவை என அவரே எண்ணிச் சொன்னார்: பெண்களின் சடங்கு, கொடிக்கிழங்கு, முட்பல்லி, புல்விதை, மூதாதையர் காலத்து நாய்க்குட்டி, ஈமு, ஈமு விரும்பித் தின்னும் சிறு செடி, பச்சை அவரை, கிழங்கின் விதை. இப்பட்டியலைச் சற்று ஊன்றி நோக்குக. இதிற் பெரும்பகுதி உணவு. அதுவும் பெண்கள் தோண்டியும் கொய்தும் அரைத்தும் குடும்பத்துக்கு ஊட்டும் உணவு. 'காமெ' என்ற அவரது பெயரே அந்தக் கிழங்கின் விதையைக் குறிப்பது. மாயலோகத்தைப் பற்றிய பட்டியல் இது என எவர் கூறுவர்? ஒரு நிலத்தின் விளைபொருளும் அதன்மீது செலுத்தப்படும் உழைப்பும் அவ்வுழைப்பை ஒழுங்கு செய்யும் சடங்கும் ஒருசேரக் கூறப்பட்ட பட்டியல் இது.

அக்கிழங்கைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அன்மஜெரெ மொழியில் அன்வெலார் எனப்படும் அது, நம் வீட்டுப் பயற்றின் இனத்தைச் சேர்ந்த ஒரு கொடி. நிலத்தின்மேற் படர்ந்து, நிலத்தின்கீழ் விரல்போன்ற கிழங்குகளைப் பரப்புவது. மழை ஓய்ந்து இலைகள் வாடியபின், நிலத்தின் மேற்பரப்பிலே தோன்றும் வெடிப்புக்களைப் பார்த்தே கிழங்கு இருக்குமிடத்தைப் பெண்கள் அறிவர். தோண்டுகோலுடன் சென்று தோண்டி எடுப்பர். மேலே தெரியும் வெடிப்பிலிருந்து கீழே தெரியாத கிழங்கை அறியும் இந்த அறிவு தாயிடமிருந்து மகளுக்கும் அத்தையிடமிருந்து மருமகளுக்கும் பாட்டின் மூலமும் கதையின் மூலமும் சென்று சேர்வது.

இனி, 1995ஆம் ஆண்டில் எமிலி வரைந்த 'பெருங்கிழங்கு' ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். மெல்பேணிலுள்ள விக்ரோறியா தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. ஏறத்தாழ 3 மீற்றர் உயரம், 8 மீற்றர் அகலம். கரிய தளத்தின்மீது வெள்ளைக் கோடுகள் மாத்திரமே. வேறு நிறம் இல்லை. இதை அவர் இரண்டு நாட்களில் வரைந்து முடித்தார் என்பர். கன்வசை நிலத்தில் விரித்து, அதன்மீதே அமர்ந்து, கைக்கெட்டிய தூரம் வரைந்து, பின்னர் நகர்ந்து அமர்ந்து மேலும் வரைந்தார். கோடுகள் வளைகின்றன, பிரிகின்றன, மீண்டும் சேர்கின்றன. எங்கும் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அவை கிழங்கின் வேர்களா, நிலத்தின் வெடிப்புக்களா, சடங்கின்போது பெண்களின் மார்பிலும் தோளிலும் தீட்டப்படும் கோடுகளா? மூன்றுமே எனலாம். அவுல்யெ எனப்படும் அச்சடங்கிற் பெண்கள் கொழுப்புப் பூசிய உடலில் காவிக்கல்லையும் வெண்களிமண்ணையும் கொண்டு கோடிடுவர். கோடிடும்போதே பாடுவர். அந்தக் கோடுகள் குறித்த ஒரு நாட்டுக்கும், அந்நாட்டுக்குரிய மூதாதைக்கும், அந்த உறவைத் தாங்கும் பெண்களுக்குமே உரியன. பிறநாட்டுப் பெண் அதைத் தன் உடலில் இட்டுக்கொள்ள முடியாது. எமிலி கன்வசில் இட்ட கோடு, அதற்கு முன்னர் அறுபது எழுபது ஆண்டுகளாக அவர் உடல்களில் இட்ட கோடேயாகும். எண்பதாவது வயதில் 'திடீரென' மலர்ந்த மேதை என்று அவரை வருணிப்போர் இந்த அறுபது எழுபது ஆண்டுகளைக் கணக்கிற் கொள்வதில்லை. பெண்களின் உடலிலும் மணலிலும் செய்யப்படுவது கலையன்று, சந்தைக்கு வந்தாற்றான் கலை என்ற எண்ணம் அவர்களையறியாமலே அவர்களை ஆள்கின்றது.

'நாடு' என்ற சொல்லை இங்கு அவர்கள் வழங்கும் பொருளிலேயே வழங்குகின்றோம். எமிலியின் நாடு அலால்கெரெ. அங்கே நடுவிற் துளைபட்ட பாறை ஒன்று உண்டு. எமிலியின் மூக்குத்தண்டிலும் துளை உண்டு. அது அந்தப் பாறையாகிய மூதாதையைக் குறிப்பது. தானும் பாறையும் ஒரே குடும்பம் என்பதற்கான அடையாளத்தை அவர் முகத்திலேயே தாங்கியிருந்தார்.

ஆங்கிலேயர் இக்கதைகளுக்குக் 'கனவுக்காலம்' எனப் பெயரிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பென்சர், கில்லென் ஆகிய இருவரின் எழுத்துக்கள் மூலம் பரவிய மொழிபெயர்ப்பு அது. பல தீங்குகளை விளைவித்த மொழிபெயர்ப்பு என்றே கூறவேண்டும். கனவு என்றதும் அது மெய்யன்று என்றாகிறது. காலம் என்றதும் அது முடிந்துவிட்டது என்றாகிறது. மேற்குப் பாலைநில மொழிகளில் 'ஜூக்குர்ப்பா' எனப்படும் அது கனவுமன்று, சென்றொழிந்த காலமுமன்று. மூதாதையர் நடந்த வழியும், அவ்வழியிலுள்ள நீர்நிலைகளும், அவற்றைப் பேணவேண்டியவர் இன்னார் என்ற விதியும், யார் யாரை மணக்கலாம் என்ற விதியும், ஒருவர் வேட்டையில் மற்றவருக்கு எவ்வளவு பங்கு என்ற விதியும் அதனுள் அடங்கும். ஆதிக்குடி மக்களே ஆங்கிலத்திற் பேசும்பொழுது அதனைச் 'சட்டம்' என்ற சொல்லாற் குறிப்பதைக் காணலாம். அவர்கள் கூறுவதை நம்பாது, கில்லெனின் சொல்லை இன்றுவரை நம்பிவந்திருக்கிறோம்.

இச்சட்டம் என்ன விலை கொடுத்துக் காக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இவ்வோவியங்களைப் பார்ப்பதிற் பயனில்லை. எமிலிக்குப் பதினெட்டு வயதளவில், 1928ஆம் ஆண்டு, அவர் நாட்டுக்கு மேற்கே கொனிஸ்ரன் பிரதேசத்தில், வெள்ளையன் ஒருவன் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க ஒரு பொலிஸ்காரரின் தலைமையிற் சென்ற குதிரைப்படையினர் வால்பிறி, அன்மஜெரெ, கைற்றிச் மக்களைச் சுட்டுத் தள்ளினர். 31 பேர் எனக் கூறிய அரசாங்க விசாரணை, கொன்றோர் குற்றமற்றவர் எனவும் கண்டது. இறந்தோர் அதனிலும் பன்மடங்கினர் என்பது மக்களின் நினைவு. அதே காலப்பகுதியில் எமிலியின் நாடு ஒரு மாட்டுப்பண்ணைக் குத்தகையாயிற்று. பண்ணைக்கு இடப்பட்ட பெயர் யூற்றோப்பியா! அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தொலைவில், மக்களை அவர்கள் மண்ணிலேயே கூலியாட்களாக்கிய இடத்துக்கு இலட்சிய உலகத்தின் பெயர். வரலாறு சில வேளைகளில் நையாண்டியும் செய்கின்றது.

மாவும் சீனியும் தேயிலையுமே கூலியாக அம்மக்கள் பண்ணைகளில் உழைத்தனர். எமிலியும் உழைத்தார், ஒட்டகங்களையும் ஓட்டினார். 1966ஆம் ஆண்டு குறிஞ்சி இனத்தவர் வேவ் ஹில் பண்ணையை விட்டு வெளியேறிச் செய்த வேலைநிறுத்தம் கூலிக்காகத் தொடங்கிக் காணிக்கான கோரிக்கையாக வளர்ந்த வரலாற்றைத் தொழிலாளர் இயக்க வரலாறு கற்றோர் அறிவர். சமசம்பளத் தீர்ப்பு 1968இன் இறுதியில் நடைமுறைக்கு வந்தபோது, சம்பளம் கொடுக்க விரும்பாத பண்ணையாளர் பலர் குடும்பம் குடும்பமாக அவர்களை வெளியேற்றினர் என்பதும் அறியத்தக்கது. வட பிரதேசத்தின் ஆதிக்குடிகள் காணி உரிமைச் சட்டம் 1976இல் நிறைவேறியது. அதே ஆண்டில் யூற்றோப்பியாவின் குத்தகையும் ஆதிக்குடிகளுக்காக வாங்கப்பட்டது. முழு உரிமை பெற வேண்டுமாயின், தாமே அந்நிலத்தின் மரபுவழி உடையவர் என்பதை அவர்கள் விசாரணையில் நிரூபிக்க வேண்டியிருந்தது.

எழுத்திலான உறுதி அவர்களிடம் இல்லை. இருந்தது கதை ஒன்றே. 1970களின் இறுதியில் நடைபெற்ற அந்த விசாரணையில் யூற்றோப்பியாப் பெண்கள் தம் உடலிற் கோடிட்டு, ஆடி, பாடிச் சாட்சியம் அளித்தனர். நம் ஊர்களில் எல்லைத் தகராறு வந்தால் பெட்டியைத் திறந்து தோம்பையும் உறுதியையும் எடுத்துக் காட்டுவோம். அவர்கள் தோளிற் கோடிட்டுக் காட்டினர். இதைப் புராணம் என்று தள்ளுவோர் தோம்பையும் புராணம் என்று தள்ளத் துணிவார்களா?

யூற்றோப்பியாவின் ஓவிய வரலாறும் இப்போராட்டத்தோடு பின்னிக் கிடப்பது. 1977ஆம் ஆண்டில் அங்கு பெண்களுக்குப் பற்றிக் தொழில் கற்பிக்கப்பட்டது. யாவா நாட்டுத் தொழில் அது. இலங்கையிலும் நன்கு அறியப்பட்டது. துணியில் மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் அத்தொழிலைக் கற்ற பெண்கள் யாவாவின் கோலங்களைப் பின்பற்றவில்லை. தம் நாட்டுக் கிழங்கையும் பல்லியையும் பூவையும் பட்டிலே இட்டனர். 1988இல் 88 பற்றிக் துணிகள் ஒரு தொகுதியாகவே நிறைவுற்றன. அவ்வாண்டுக் கோடையிற்றான் அவர்களுக்குக் கன்வசும் அக்கிரிலிக் வண்ணமும் வழங்கப்பட்டன. எமிலி வரைந்த முதலாவது கன்வஸ் 'ஈமுப்பெண்'. மெழுகைக் காய்ச்சித் துணியைக் கொதிக்கவைக்கும் உழைப்பு முதுமைக்குப் பாரமாகிவிட்டது, ஆகவேதான் கன்வசுக்கு மாறினேன் என்ற கருத்துப்பட அவர் பின்னர் சொன்னதுண்டு. கலைஞரின் 'அகத்தூண்டல்' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோர் இதையும் ஒரு வரி எழுதலாம்.

பெண்கள் பற்றித் தனியே பேசவேண்டிய காரணமும் உண்டு. நெடுங்காலமாக ஆதிக்குடி வாழ்க்கையை ஆராய்ந்த மானிடவியலாளர் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் வினாவியதும் ஆண்களையே. ஆண்களிடமே சமயமும் சட்டமும் உண்டு, பெண்கள் விறகும் கிழங்கும் சுமப்பவர் என்பது அவர்கள் முடிவு. 1939இலேயே பிலிஸ் கபெரி இதனை மறுத்து நூல் எழுதினார். 1983இல் டயான் பெல் மேலும் விரிவாக எழுதினார். பெண்களுக்கென்று தனிச் சடங்கும் தனிப் பாட்டும் தனி இரகசியமும் உண்டு என்பதை அவர்கள் காட்டினர். அதுவரை அவை வெளியே தெரியாமற் போனமைக்குக் காரணம், ஆண் ஆராய்ச்சியாளருக்கு அவற்றைக் காட்டுவதே சட்டமீறல் என்பதாகும். இல்லாததால் அன்று, கேட்கத் தகுதியற்றவர் கேட்டதாற் கிடைக்காமற் போன விடை அது. ஆராய்ச்சி மாணவர் இதை மனத்திற் கொள்ளுதல் நன்று.

மத்திய அவுஸ்திரேலியாவின் புதிய ஓவிய இயக்கம் 1971இல் பப்புன்யா என்ற அரசாங்கக் குடியிருப்பின் பாடசாலைச் சுவரிலே தொடங்கியது. அங்குப் படிப்பித்த ஜெவ்றி பார்டன் என்ற ஓவிய ஆசிரியர் உடன் நின்று ஊக்குவித்தார். வரைந்தவர் ஆண்கள். பின்னர் பெண்கள் தம் ஆடவரின் கன்வசுகளிற் பின்னணிப் புள்ளிகளை இட்டு உதவினர். ஓவியத்தின் கீழ் அவர்கள் பெயர் இல்லை. யுவெண்டுமு என்ற ஊரில் 1980களின் முற்பகுதியில் பெண்கள் வேறு வழியிற் சென்றனர். சிறு பலகைகளிலும் தோண்டுகோல்களிலும் வரைந்து விற்றுப் பணம் சேர்த்தனர். எதற்காக? ஒரு ரொயோற்றா வண்டி வாங்குவதற்காக. அரசு அவர்களைக் குடியிருப்பிலே குவித்துவைத்திருந்தது. கதை நிகழ்ந்த இடங்களோ நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தொலைவில் இருந்தன. வண்டி இருந்தால் அங்கு சென்று சடங்கு செய்யலாம், பேத்திகளுக்கு இடத்தைக் காட்டலாம். கதையை விற்று வண்டி வாங்கி, அவ்வண்டியிற் கதையிடம் திரும்பிச் சென்றனர்! பண்டமாற்றுப் பற்றிய நம் சூத்திரங்களுக்குள் இந்த ரொயோற்றா எளிதில் அடங்காது.

காணி உறுதி என்ற ஒப்புமையை நாம் வலிந்து புகுத்தவில்லை என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. மேற்கு அவுஸ்திரேலியாவின் பெரு மணற்பாலையில் இங்குறார மக்கள் தம் நிலவுரிமைக் கோரிக்கையை விசாரணையாளருக்கு விளக்க முயன்றபோது மொழி தடையாயிற்று. 1997இல் ஆண்களும் பெண்களுமாக நாற்பதுக்கு மேற்பட்டோர் கூடி, ஏறத்தாழ 8 மீற்றருக்கு 10 மீற்றர் அளவுள்ள ஒரே கன்வசில் முழு நாட்டையும் வரைந்தனர். விசாரணை நடந்த நாளில் அந்தக் கன்வஸ் மண்ணில் விரிக்கப்பட்டது. ஒவ்வொருவரும் தாம் வரைந்த நீர்நிலையின்மீது சென்று நின்று, தம் மொழியிலேயே அதன் கதையைக் கூறினர். பத்தாண்டுகளின் பின்னர், 2007இல், அவர்கள் உரிமை சட்டப்படி அங்கீகரிக்கப்பட்டது. அந்த ஓவியத்தில் நின்ற பெண்ணொருத்தியிடம் சென்று, 'அம்மா, உமது படைப்பு உருவவாதமா, உள்ளடக்கவாதமா?' என வினவும் விமர்சகரை எண்ணிப் பார்க்க நமக்கே கூச்சமாக உள்ளது.

நிற்க. காணிக்கு உறுதியாகும் கோடு, கம்பளத்துக்கும் கோலமாகலாம் எனக் கண்ட வர்த்தகரும் இருந்தனர். வட அவுஸ்திரேலியாவின் யிர்க்கலாவைச் சேர்ந்த பண்டுக் மரிக்கா என்ற பெண் கலைஞர் அச்சோவியம் ஒன்றைச் செய்திருந்தார். ஜங்காவு எனப்படும் மூதாதையரின் புனித நீர்நிலையும் உடும்புகளும் அதிலே உள்ளன. கல்வி நோக்கத்துக்காக வெளியிடப்பட்ட அச்சுப்பிரதியிலிருந்து அதனையும், வேறு கலைஞர் சிலரின் ஓவியங்களையும் எடுத்து, வியற்னாமிற் கம்பளங்களாக நெய்வித்து அவுஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கான டொலர் விலைக்கு விற்றது ஒரு நிறுவனம். புனித நீர்நிலையைக் காலால் மிதிப்பதற்கு விற்றார்கள். கலைஞர்கள் வழக்குத் தொடர்ந்தனர். 1994இல் சமஷ்டி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்து, 188,000 டொலருக்கு மேல் நட்டஈடு விதித்தது. இவ்வழக்கின் சிறப்பு தொகையில் இல்லை. பதிப்புரிமைச் சட்டம் கலைஞரைத் தனிமனிதராகவே காண்கின்றது: அவர் படைத்தார், அவருக்கு இழப்பு, அவருக்கு ஈடு. மரிக்காவின் நிலையோ வேறு. அக்கோலம் அவர் குலத்துக்குரியது. அவர் அதன் காவலர்களுள் ஒருவர். அவர் அறியாமலே திருடப்பட்டாலும், அது தீயவழியிற் சென்றமைக்கு அவரே தம் மக்கள்முன் பொறுப்பாளி. இவ்வாறு சமூகத்துள் அவருக்கு நேர்ந்த பாதிப்பையும் நீதிமன்றம் கணக்கிற் கொண்டது. ஈட்டுத் தொகையையும் கலைஞர்கள் தம் வழக்கப்படி பகிர்ந்துகொள்ள விட்டது. தனியுடைமைச் சட்டத்தின் கோட்டைச் சுவரில் ஓர் உடும்பு நுழைந்த துளை இது எனலாம். துளை சிறிது, சுவர் அப்படியே நிற்கின்றது.

சுவர் நிற்பதை அறிய ஏல விற்பனைக் கணக்கைப் பார்த்தாற் போதும். எமிலி 1994இல் வரைந்த 'பூமியின் படைப்பு' 2007ஆம் ஆண்டு ஏலத்தில் 10 இலட்சத்து 56 ஆயிரம் அவுஸ்திரேலிய டொலருக்கு விற்கப்பட்டது. 2017இல் மீண்டும் 21 இலட்சம் டொலருக்குக் கைமாறியது. மறுவிற்பனையில் கலைஞருக்கோ அவர் வழித்தோன்றல்களுக்கோ 5 வீதம் கிடைக்கச் செய்யும் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 நடுப்பகுதியிலேயே நடைமுறைக்கு வந்தது. எனவே முதற்கூறிய ஏலத்திலிருந்து அலால்கெரெயின் பெண்களுக்குச் சட்டப்படி ஒரு சதமும் உரியதாகவில்லை. எமிலியைச் சூழ்ந்து நின்ற வியாபாரிகளின் நெருக்குதலையும் மறத்தலாகாது. ஒரு மனிதரின் உழைப்பை நம்பி ஒரு சுற்றமே வாழ்ந்தது, வியாபாரிகளும் வாழ்ந்தனர். அவருடைய 3,000 ஓவியங்களும் ஒரே தரத்தன என நாம் கூறவில்லை. அவசரமும் களைப்பும் தெரியும் ஓவியங்கள் அவற்றுட் பல. அவற்றையும் மேதைமையின் வெளிப்பாடு எனப் புகழ்வது கலைஞருக்குச் செய்யும் மரியாதையாகாது. மூதாட்டி ஒருத்தி எவ்வளவு வேலை வாங்கப்பட்டாள் என்பதையே அவை காட்டுகின்றன.

இனி நம்மை நாமே வினவவேண்டிய இடத்துக்கு வருகின்றோம். கலை மக்களுக்கு விளங்கவேண்டும் என்பது நம் கொள்கை. விளங்காத கவிதையை நாம் கண்டித்துவந்துள்ளோம், இனியும் கண்டிப்போம். ஆயின், யூற்றோப்பியாவின் ஓவியத்தில் வேண்டுமென்றே மறைக்கப்பட்ட பகுதி உண்டு. எல்லோரும் அறியத்தக்க கதை ஒன்று மேலே இருக்கும். சடங்கிற்குரியோர் மாத்திரம் அறியும் கதை கீழே இருக்கும். கலைஞர் மேலதைச் சொல்வார், கீழதைச் சொல்லமாட்டார். இதைத் தனிமனிதவாதக் கவிஞனின் இருண்மையோடு ஒப்பிடலாமா? ஒப்பிடலாகாது என்பதே நம் துணிபு. அவன் எவருக்குமே விளங்காதபடி எழுதுகின்றான். இவர்களோ தம் மக்களுக்கு முற்றும் விளங்கும்படியும், காணியைப் பறித்தவனுக்கு ஓரளவே விளங்கும்படியும் வரைகின்றனர். எவருக்கு விளங்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை வரைபவரின் சமுதாயத்திடம் உள்ளது. 'மக்கள்' என்ற சொல்லை நாம் எழுதும்போதெல்லாம் எந்த மக்கள் எனக் கேட்டுக்கொள்ளாமையால் வந்த குழப்பமே நம்முடையது. அந்த ஓவியத்தின் முன் நாம் முழுமையான வாசகர் அல்லர். விமர்சகருக்கு இஃது உவப்பான செய்தியன்று, எனினும் உண்மை.

பழமையைப் போற்றுவதனால் அம்மக்களின் வாழ்வு தேங்கிவிட்டது என வாதிப்போருக்கு மற்றொன்றும் கூறலாம். யூற்றோப்பியாவின் மக்கள் பெருங்குடியிருப்பு ஒன்றிற் குவியாமல், தத்தம் கதைக்குரிய நிலங்களிற் சிறு சிறு ஊர்களாகப் பரந்து வாழ்ந்தனர். மருத்துவர் சிலர் அம்மக்களைப் பத்தாண்டு காலம் அவதானித்து 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வட பிரதேசத்தின் ஏனைய ஆதிக்குடிகளோடு ஒப்பிடுமிடத்து அங்கு இறப்பு வீதம் குறைவு எனக் கண்டனர். சொந்த நிலத்தில் வாழ்வதும், வேட்டையும் கிழங்கு தோண்டுதலும், தம் அலுவல்களைத் தாமே நடத்துவதும் காரணங்களாகலாம் என்றனர். கதை நோய் தீர்க்கும் மந்திரம் என நாம் கூறவரவில்லை. கதை அவர்களை எந்த நிலத்தில் நிறுத்தியது, அங்கு என்ன உண்டனர், எவ்வளவு நடந்தனர் என்பனவே பொருட்படுத்தத்தக்கன.

கதைகளுள் மிக நீண்டது ஏழு சகோதரிகளின் கதை. வாத்தி ஞீறு என்னும் மந்திரவாதி சகோதரிகளை இச்சித்துத் துரத்துகின்றான். மணமுறைச் சட்டப்படி அவன் அவர்களுக்கு உரியவன் அல்லன். பாம்பாகவும் பழமரமாகவும் வடிவெடுத்து ஏமாற்றுகின்றான். சகோதரிகள் நீர்நிலைக்கு நீர்நிலை ஓடுகின்றனர். தோண்டுகின்றனர், ஆடுகின்றனர், ஒருத்தியை ஒருத்தி காக்கின்றனர். இறுதியில் வானேறி ஒரு விண்மீன் கூட்டமாகின்றனர். நாம் கார்த்திகை என்று அழைக்கும் கூட்டமே அது. (இதைக் கேட்டதும் நம் கார்த்திகைப் பெண்களையும் குமரிக்கண்டத்தையும் இணைத்து ஒரு கட்டுரை எழுதப் புறப்படும் அன்பர்களைப் பணிவுடன் வேண்டிக்கொள்கின்றோம்: வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் விண்மீன் கூட்டத்தைப் பெண்களாகக் கண்டோர் உலகிற் பலர்.) துரத்தும் ஆணின் கதையாகவன்றி, ஓடும் பெண்கள் கூட்டாக நிலத்தை அறிந்து தப்பும் கதையாகவே பெண் ஓவியர் இதனை வரைகின்றனர். ஓடும் வழி தண்ணீரின் வழியும் ஆகும். பாலையிலே இக்கதையை அறிந்த சிறுமி எங்கே தோண்டினால் நீர் கிடைக்கும் என்பதை அறிவாள்.

2016ஆம் ஆண்டு சிட்னியில், நிலக்காட்சி ஓவியத்துக்கென வழங்கப்படும் வின் பரிசினை, தென் அவுஸ்திரேலியாவின் அமாற்றாவைச் சேர்ந்த கென் குடும்பத்துச் சகோதரிகள் கூட்டாக வரைந்த 'ஏழு சகோதரிகள்' பெற்றது. ஓவியத்தில் வானமும் மரமும் அடிவானமும் இல்லை. வட்டங்களும் சிவந்த வழிகளும் புள்ளித் திரள்களுமே உள்ளன. நடுவர் அதனை நிலக்காட்சி என ஏற்றது சரியே. அருவம் என்று கூறி வெளியே தள்ளாதிருந்தமைக்கு நன்றி கூறலாம். ஆயின், நிலத்தை வெளியே நின்று பார்க்கும் கண் ஒன்று இருந்தாலன்றோ 'காட்சி' பிறக்கும்? அச்சகோதரிகள் வெளியே நிற்கவில்லை.

அடுத்த ஆண்டு கன்பரா தேசிய நூதனசாலையில் இதே கதையைப் பற்றிப் பெருங்காட்சி ஒன்று நடைபெற்றது. கதை அழிந்துவிடாமற் காக்க வேண்டும் என்று முதலிற் கேட்டவர் பாலைநில முதியோரே. மூன்று பெரும் நிலப்பகுதிகளைச் சேர்ந்த மக்களின் ஓவியங்கள் அங்கு வரிசையாக வைக்கப்பட்டன. ஏனெனில் முழுக் கதையும் ஒருவரிடமும் இல்லை. ஒவ்வொரு மக்களும் தம் நிலத்தில் நிகழ்ந்த பகுதியையே அறிவர்; அதையே பாடுவர், அதையே வரைவர். சகோதரிகள் அவர்கள் எல்லையைக் கடந்ததும் தூரிகை நின்றுவிடும். அதற்கப்பால் நடந்ததைச் சொல்ல வேண்டியவர் அடுத்த நாட்டுப் பெண்கள். அவர்கள் மொழியும் வேறு.